அடுத்த பேராயரைத் தேர்ந்தெடுக்கவிருக்கும் பெருமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருமண்டலப் பெருமன்ற உறுப்பினர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

இன்னும் சில வாரங்களில் நீங்கள் ஆலயத்தில் கூடி, ஜெபித்து, நமது அடுத்த பேராயருக்கான பெயர்ப் பட்டியலுக்கு வாக்களிக்கப் போகிறீர்கள். நீங்கள் தேர்ந்து அனுப்பும் பெயர்களிலிருந்துதான் நம் தென்னிந்தியத் திருச்சபையின் தலைமை மன்றமான சினாடு ஒருவரை நமக்குப் பேராயராக அமர்த்தும். எனக்கு அந்தப் பெருமன்றத்தில் இடமில்லை. நான் ஒரு கிராமச் சேகரத்தின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின், சாதாரண உறுப்பினன். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். சங்கக் காணிக்கையைத் தவறாமல் செலுத்தி ரசீதுகளைச் சேர்த்து வைத்திருப்பவன். அந்த ரசீதுகளைத் தவிர உங்களிடம் பேசுவதற்கு வேறு அதிகாரம் எதுவும் என்னிடம் இல்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரிந்த ஒருவர் அருகில் வந்து நான்காக மடித்த ஒரு சீட்டை என் கையில் திணித்தார். என் மைத்துனர் பெருமன்ற உறுப்பினர் என்பதும், அவரிடம் நான் பேசக்கூடியவன் என்பதும் அவருக்குத் தெரியும். சீட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. “ரெண்டும் நம்ம ஆளு, சொல்லிருங்க” என்றார். எந்த வகையில் நம்ம ஆள் என்று கேட்டேன். அவர் பதிலாக ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னால் மற்றது தானே விளங்கிவிடும் என்பது நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். வாக்கு கேட்பதற்கு அந்த இரண்டு பெயர்களைப் பற்றி அவரிடம் வேறு எந்தச் செய்தியும் இருக்கவில்லை.

அன்றிரவு எனக்கு வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் நினைவு வந்தது. அவர் பெயர் உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தியர்களில் முதன்முதலாக, இங்கிலாந்தில் தோன்றிய ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராயராக அபிஷேகம் பெற்றவர் என்று ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்போம். நூற்றாண்டு விழாக்களில் அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறோம். ஆனால் அவர் பேராயராக என்ன செய்தார், யாருக்குப் பேராயராக இருந்தார், அவரைப் பேராயராக்கக் கூடாது என்று யாரெல்லாம் சொன்னார்கள் என்பதையெல்லாம் மாலைக்குப் பின்னால் மறைத்துவிட்டோம். வாக்களிப்பதற்கு முன்னால் அதை ஒருமுறை உங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

அவர் 1874 ஆகஸ்டு 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார். அன்று திருநெல்வேலி மாவட்டம், இன்று தூத்துக்குடி மாவட்டம். தேரிக் காடும் பனையுமாக இருந்த அந்த ஊரில் அவருடைய தந்தை தாமஸ் வேதநாயகம் குருவானவராக ஊழியம் செய்தார், சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனெரி சங்கத்தின் பள்ளியில் படித்துக் கிறிஸ்துவை ஏற்றவர் அவர். பல ஆண்டுகள் வேண்டிப் பெற்ற மகன் என்பதால் வேதாகமத்து அன்னாளின் மகன் சாமுவேலின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டினார்கள். மகன் பதின்வயதில் இருக்கும்போதே தந்தை இறந்துவிட, தாயின் கண்டிப்பில்தான் அவர் வளர்ந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார், பட்டம் பெறவில்லை. பட்டம் பெறாத அந்த மனிதருக்கு 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது என்பதை, வேட்பாளரின் பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளை எண்ணிப் பார்க்கும் நம் காலத்தில் போகிற போக்கில் நினைவூட்டுகிறேன்.

1895 முதல் அவர் கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வில் செயலராக வேலை செய்தார். அதாவது, குருத்துவப் படிகளில் ஒன்றிலும் கால் வைக்காமல், தென்னிந்திய நகரங்களில் இளைஞர்களோடு பேசித் திரிகிற வேலை. 1898-ல் அன்பு மாரியம்மாள் சாமுவேலை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் சிலருள் ஒருவர் அந்த அம்மையார். அவரைப் பற்றி நம் சபைகளில் யாரும் பேசுவதில்லை. நானும் இங்கே போதிய அளவு பேசப் போவதில்லை என்பது எனக்கே குறையாகத்தான் இருக்கிறது.

அவர் வாழ்வில் திருப்பம் யாழ்ப்பாணத்தில் நேர்ந்தது. 1902-ல் அங்கே சென்றவர், யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில், தங்களுள்ளிருந்தே ஊழியர்களைத் தேர்ந்து, கடல் தாண்டி நம் கரைக்கு அனுப்பி வைத்திருப்பதைக் கண்டார். திருநெல்வேலியின் சபையோ அவர்களுடையதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. நூறு ஆண்டுகளாக மிஷனெரிமாரின் கையால் வாங்கி உண்டு பழகியது. தனக்கென்று ஒரு சங்கம் வைத்து வெளியே ஆள் அனுப்பியிராதது. அவர் வெட்கத்தோடு ஊர் திரும்பினார். அந்த வெட்கத்தின் பலனாக 1903 பிப்ரவரியில் பிறந்ததுதான் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம். நாம் இன்றும் ஐ.எம்.எஸ். என்று உரிமையோடு அழைத்து, காணிக்கைப் பெட்டி வைத்துப் பணம் சேர்க்கிறோமே, அதே சங்கம். ஏறத்தாழ மூன்றாண்டு கழித்து, 1905 கிறிஸ்துமஸ் நாளன்று, கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில், மிஷனெரி வில்லியம் கேரியின் நூலகத்தில், எல்லாப் பிரிவுச் சபையாரும் சேர்ந்து தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது அதன் பொதுச் செயலராகவும் அவரே ஆனார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை.

திருநெல்வேலிச் சங்கம் தன் ஊழியக் களமாக ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல்லைத் தேர்ந்தது. மொழி தெலுங்கு. சாப்பாடு வேறு, காடு, காய்ச்சல், வெயில். நம் ஊரிலிருந்து போன ஊழியர்களுக்கு அங்கே உற்றாரும் இல்லை, உறவுக்காரர் வீட்டுத் திண்ணையும் இல்லை. சங்கத்தின் செயலராக இருந்து மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்த அசரியாவுக்கு ஒரு கட்டத்தில் அது பொறுக்கவில்லை. ஆட்களைப் போகச் சொல்லிக்கொண்டே தான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று கேட்டு, 1909-ல் உதவி குருவாக அருட்பொழிவு பெற்று, குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குப் போய்விட்டார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடியைக் கையிலெடுத்தார்.

இதற்கு மறு ஆண்டு, 1910 ஜூனில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்திருந்த அந்த மண்டபத்தில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு என்ற பொருளில் அசரியாவைப் பேச அழைத்தார்கள். மிஷனெரிமாரின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. இந்தியத் திருச்சபை வரப்போகும் காலமெல்லாம் எழுந்து நின்று அதற்குச் சாட்சி பகரும் என்றார். பிறகு கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தின் அன்பு அதிகாரத்தை நினைவூட்டும்படி சொன்னார்: ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.

கடைசி வாக்கியம் உலகம் முழுவதும் பேசப்பட்டுவிட்டது. அதைவிட, அதே உரையில் அவர் கைகுலுக்கல், நாற்காலி, விருந்து, தேநீர் என்று சில்லறையாகத் தோன்றும் விஷயங்களைக் குறிப்பிட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இவற்றை இவற்றுக்காகவே கேட்கவில்லை, நட்பின் அடையாளமாக வருமானால் இவை எல்லாமும் இதற்கு மேலும் வேண்டும் என்றார். வீட்டு வராந்தாவில் நிற்க வைத்துப் பேசி அனுப்பப்பட்ட எத்தனையோ உபதேசியார்களின் அனுபவம் அதற்குள் இருக்கிறது. மண்டபத்தில் பலர் முகம் சுளித்தார்கள். இன்று நாற்காலி போடாத இடத்தில் நம்முடைய சபை ஊழியர்கள் யார் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட், தோர்ணக்கல்லைத் தனி மண்டலமாக்கி அதற்கு அசரியாவைப் பேராயராக்க வேண்டும் என்று முனைந்தபோது எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஓர் இந்தியனுக்குக் கீழே எப்படிப் பணியாற்றுவது என்று கேட்ட வெள்ளைக்கார மிஷனெரிமார் ஒரு பக்கம். அவர்களை நாம் எளிதாக நினைவு வைத்திருக்கிறோம். மறுபக்கத்தில் நின்றவர்கள் நம்மவர்கள். அசரியா நாடார் குலத்தில் பிறந்தவர் என்பதே அவருக்கு எதிரான வாதமாகத் திருநெல்வேலியிலிருந்து கிளம்பிய காலம் அது. நூறு ஆண்டுகளில் சாதிகளின் பலம் இடம் மாறியிருக்கலாம். அன்று அவருடைய பிறப்பைக் குறையாகக் காட்டியவர்களும், இன்று அதே பிறப்பைத் தகுதியாகக் காட்டி வாக்குக் கேட்பவர்களும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் என் கைக்கு வந்த சீட்டின் பூர்வீகம் இதுதான்.

1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தா பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். வயது முப்பத்தெட்டு. தொடக்கத்தில் அவருடைய மண்டலம் சிறியது, 1920-ல் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. ஆகிய ஆங்கிலேய மிஷனெரி சங்கங்களின் தெலுங்குப் பகுதிகளும் அதனோடு சேர்க்கப்பட்டபோதுதான் ஐரோப்பிய ஊழியர்கள் பலரும் அவர் அதிகாரத்தின் கீழ் வந்தார்கள். ஆங்கிலிக்கன் மண்டலம் ஒன்றைத் தலைமை தாங்கிய ஒரே இந்தியராக 1945-ல் சாகும்வரை அவரே இருந்தார் என்பதைச் சற்று நிதானித்துப் படியுங்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள். பெயருக்கு ஓர் இந்தியரை முன்னிறுத்தி, அத்தோடு கதவைச் சாத்திக்கொண்ட திருச்சபை அது.

அவர் அதிகாரம் எங்கே இருந்தது என்பதைப் பார்க்கத் தெலுங்குக் கிராமங்களுக்குத்தான் போக வேண்டும். அவரிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட இரு சாதிகளைச் சேர்ந்த கூலி விவசாயிகளும் தோல் தொழிலாளர்களும். இந்த இரண்டு சாதிகளுக்குள்ளும் ஒருவர் கையில் மற்றவர் தண்ணீர் வாங்காத விலக்கு இருந்தது. சபையில் இருவருக்கும் ஒரே நற்கருணைக் கிண்ணம். கிண்ணம் ஒன்றானதால் மனமும் ஒன்றாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பூசல் அவர் காலம் முழுவதும் தீராமல் அவரைத் தொடர்ந்தது. ஆனால் அதைத் தீர்க்க வேண்டிய பேராயர், அந்த இரண்டில் எதையும் சேராதவராக, அந்த மொழிக்கே அந்நியராக இருந்தார். எந்தப் பக்கத்தாரும் அவரை நம்ம ஆள் என்று சொல்லியிருக்க முடியாது.

ஆண்டின் பெரும்பகுதியை அவர் பயணத்தில் கழித்தார். மாட்டு வண்டியில் போவார். வண்டி போகாத இடத்துக்கு நடந்து போவார். கிராமத்துக்கு வந்து சேர்ந்ததும் அவர் முதலில் செய்கிற காரியம் கேள்வி கேட்பது. ஞானஸ்நானத்துக்கோ, அதன்பின் பேராயர் தலையில் கை வைத்து விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தலுக்கோ காத்திருக்கிறவர்களைத் தரையில் உட்கார வைத்து, எழுத்தறியாத அந்த ஆண்களிடமும் பெண்களிடமும் விசுவாசப் பிரமாணத்தையும் பரமண்டல ஜெபத்தையும் பத்துக் கற்பனைகளையும் கேட்பார். வயலிலிருந்து திரும்பி, இரவு விளக்கு வெளிச்சத்தில் பாட்டாகவும் கதையாகவும் கிராம உபதேசியாரிடம் கற்றவற்றை அவர்கள் சொல்லிக் காட்டுவார்கள்.

அதன் பிறகு நடப்பதைத்தான் நான் உங்கள் கண்முன் நிறுத்த விரும்புகிறேன். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைக்கச் சொல்வார். ஈரம் காயாத தலையில், களை பறித்துக் காய்த்துப்போன கை. அப்படி வைத்துக்கொண்டு, ‘நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ’ என்று அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்து வசனம் அது. நேற்றுவரை ஊர்க் கிணற்றை எட்டிப் பார்க்கவும் உரிமையில்லாதிருந்த ஒரு கூலிக்காரப் பெண்ணின் வாயில், உலகத்துக்கு நற்செய்தி சொல்லும் கடமை என்னுடையது என்ற வாக்கை அவர் வைத்தார்.

எனக்குத் திடப்படுத்தல் நடந்தபோது பன்னிரண்டு வயது. புதுச் சட்டை, தலைக்கு எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று அம்மா கவலைப்பட்டாள். பேராயரின் கை என் தலைமேல் சில வினாடி இருந்தது. நாங்கள் தொண்ணூறு பேர் இருந்தோம், மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டும். அந்தக் கையின் கனம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும், என் கையை என் தலையில் வைக்கச் சொன்ன ஒருவர் அன்று அங்கே இருந்திருந்தால் என்று இந்த வயதில் தோன்றுகிறது.

கிராமங்களைப் பிடித்தாட்டிய நான்கு பேய்கள் என்று அவர் அழுக்கு, நோய், கடன், குடி ஆகியவற்றைச் சொன்னார். பிரசங்கத்தில் வசனத்தோடு வட்டிக் கணக்கும் வரும், கிணற்றுத் தண்ணீரும் வரும். குருத்துவப் பயிற்சிக்குத் தோர்ணக்கல்லுக்கு வந்த மாணவர்கள் மனைவி பிள்ளைகளோடு வந்து தங்கினார்கள். கணவர்கள் இறையியல் படிக்கும்போது மனைவிமாருக்கும் படிப்பு நடந்தது. அன்பு மாரியம்மாளின் உழைப்பு இங்கேதான் அதிகமாகத் தெரிகிறது. ஒரு கிராமத்துக்குக் குருவானவரை மட்டும் அனுப்பிப் பயனில்லை, அந்த வீட்டையே அனுப்ப வேண்டும் என்று இருவரும் கண்டிருந்தார்கள். 1935 வாக்கில் அந்த மண்டலத்தில் ஏறத்தாழ 250 இந்தியக் குருமாரும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். 1941-ல் கிறிஸ்தவர்களின் தொகை இரண்டே கால் லட்சத்தைத் தொட்டிருந்தது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் தேர்தல்களில் பணம் பேசாத வேளை குறைவு. கிறிஸ்தவர்கள் கொடுப்பதைப் பற்றி அவர் ஒரு தனி நூலே எழுதினார். அது பல மொழிகளுக்குப் போயிற்று. ஏழைச் சபை என்பதற்காக அவர் கொடையை யாருக்கும் தள்ளுபடி செய்யவில்லை. அறுவடையில் ஒரு பங்கு, உலையில் போடும்போது எடுத்து வைக்கிற பிடி அரிசி என்று அவரவர் கையில் இருப்பதிலிருந்து கொடுக்கச் சொன்னார். வெளிநாட்டுச் சங்கங்களின் பணத்தில் நின்ற சபை தன் காலில் நிற்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்திலிருந்து அவர் கொண்டுவந்த பாடம். இன்று நம் சபைகள் யார் பணத்திலும் நிற்கவில்லை. நம் பள்ளிகளும் கல்லூரிகளும் மனைகளும் கடை வாடகையும் நம்மிடம் இருக்கின்றன. அதனால்தான் பேராயர் நாற்காலிக்கு இத்தனை போட்டி என்று நான் சொன்னால் கோபப்படுவீர்கள். ஒரு ஆசிரியர் பணியிடத்துக்கு என்ன விலை சொல்லப்படுகிறது என்று உங்கள் சேகரத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்.

1932-ல் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும், அவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித் தொகுதிகளைத் தந்தது. சமுதாயத் தலைவர்கள் பலருக்கு அது வெற்றி. அசரியா எதிர்த்தார். தனித் தொகுதி கிடைத்தால் திருச்சபை தன் எண்ணிக்கையைக் காட்டி இடம் கேட்கும் இன்னொரு சாதியாகச் சுருங்கிவிடும் என்று அவர் அஞ்சினார். அதே ஆண்டுகளில் காந்தியடிகளோடு அவருக்கு நேர்ந்த முரண்பாடு புகழ்பெற்றது. ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டங்கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தி ஏற்கவில்லை. மதங்களைச் சீர்தூக்கிப் பார்க்கும் நிலையில் அவர்கள் இல்லை என்று கருதினார். தலையில் கை வைத்து வசனம் சொன்னவர்களை ஆயிரக்கணக்கில் கண்டிருந்த அசரியாவால் அதை ஏற்க முடியவில்லை. அந்த மக்களின் வாழ்க்கை மாறியதைக் கண்டு, அவர்களைத் தீண்டாத சாதியினரே பின்னால் சபைக்கு வந்ததை அவர் சாட்சியாகக் காட்டினார். இதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது பெரிய விவாதம், இந்த மடலுக்குள் அடங்காது. எண்ணிக்கைக்காகத்தான் ஆள் சேர்க்கிறார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளான அதே மனிதர், அந்த எண்ணிக்கையைக் காட்டிச் சட்டமன்றத்தில் இடம் கேட்க மறுத்தார் என்பது மட்டும் நம் தேர்தலுக்குத் தேவையான செய்தி.

அவரைக் குறையில்லாத புனிதராக நான் வரையவில்லை. அவர் கறாரானவர், மண்டலத்தைக் கண்டிப்பான தகப்பன் வீட்டை நடத்துவதுபோல நடத்தினார். ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தின் மீது அவருக்கு இருந்த பற்று அளவு கடந்தது என்றே நினைக்கிறேன். விடுதலைப் போராட்டத்தில் அவர் சேரவில்லை. கிராம தெய்வங்களைப் பற்றி அவர் காலத்து மிஷனெரிமார் பேசிய தொனியில்தான் அவரும் பேசினார். வகுப்பில் மாணவர்கள் இதையெல்லாம் கேட்டால் நான் மறைத்ததில்லை. ஆனால் தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயத்தைக் கோதிக் கோபுரத்தோடு கட்டாமல், கோயில் தூண்களும் மசூதிக் குவிமாடமும் மினார்களும் சேர்ந்த வடிவில் கட்டினார் என்பதையும் சேர்த்தே சொல்வேன். பணம் வர வர, நிற்க நிற்க, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நடந்த அந்தக் கட்டட வேலை முடிந்து 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டையானது.

இனி நீங்கள் உட்காரப் போகும் பெருமன்றமே அவருக்குப் பட்ட கடனைப் பற்றி. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று ஊழியர்கள் கூடினார்கள். இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனெரிகளில் ஒருவரான சீகன்பால்கு 1706-ல் வந்திறங்கிய கரை அது. இருவர் தவிர மற்ற அனைவரும் இந்தியர்கள். அவர்களை முன்னின்று கூட்டியவர்களில் ஒருவர் அசரியா. அங்கே வெளியிட்ட அறிக்கையில், நமது பிரிவினைகளுக்கு நாம் பொறுப்பல்ல, அவை வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை, நாம் உண்டாக்காதவை, அவற்றை நிலைக்கச் செய்ய நமக்கு விருப்பமும் இல்லை என்று எழுதினார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் என்று இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிறந்த சண்டைகளை நாம் ஏன் தெலுங்கிலும் தமிழிலும் போட வேண்டும் என்பது கேள்வி. 1927-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய திருச்சபை ஒற்றுமை மாநாட்டில் அசரியா இன்னும் கடுமையாகப் பேசினார். கிறிஸ்தவ நாடுகளில் பிரிவினை ஒரு பலவீனமாக இருக்கலாம், எங்கள் நாடுகளில் அது பாவம், இடறல் என்றார். இருபத்தெட்டு ஆண்டு பேச்சுக்குப் பிறகு 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே இறந்து, அந்தப் பேராலயத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டிருந்தார். அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தரங்கம்பாடியில் கூடியவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. தங்கள் பிரிவினைகளுக்கு வெளியாரைக் காரணம் சொல்ல முடிந்தது. சொன்னதும் பெருமளவு உண்மை. நம் பெருமன்றத்தில் இந்த அணி, அந்த அணி என்று பிரிந்து உட்காரப் போகும் உங்களுக்கு அந்த வசதி இல்லை. அணிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் நாம், செலவு செய்தவர்கள் நாம், தோற்ற அணி வழக்குப் போட நீதிமன்றத்துக்கு நடந்த செருப்பும் நம்முடையதுதான்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. பட்டியலில் பெயர் வேண்டி உங்களிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் சில கேள்விகள் கேளுங்கள். கடைசியாக எந்தக் கிராமத்தில், விடுதி இல்லாத எந்த ஊரில், இரவு தங்கினீர்கள், யார் வீட்டில் சாப்பிட்டீர்கள்? திடப்படுத்தலுக்கு வந்த பிள்ளைகளுக்கு நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது எப்போது? உங்கள் சொந்தச் சாதியார் ஒரு குடும்பம்கூட இல்லாத சேகரத்துக்கு உங்களை மாற்றினால் எத்தனை ஆண்டு இருப்பீர்கள், அல்லது மாற்றலை நிறுத்த யாரிடம் போவீர்கள்? பள்ளிப் பணியிடங்களை நிரப்பும் முறையை எழுதி ஆலயக் கதவில் ஒட்டச் சம்மதமா? மனைவியும் பிள்ளைகளும் இந்த ஊழியத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றும், கேட்க முடிந்தால், கேளுங்கள். பதில்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாக்குச் சீட்டை மடிப்பதற்கு முன்னால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எங்கள் சேகரத்துக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு தகவல். வரும் மாதம் எங்களுக்கு ஸ்தோத்திரப் பண்டிகை. வாழைத்தாரும் சேவலும் ஏலம் போகும், அசனச் சோறு இருக்கும், எல்லோரும் தரையில் பாய் விரித்து ஒரே பந்தியில் உட்காருவோம். வரலாம். கார்களை நிறுத்த மட்டும் ஆலய வளாகத்தில் இடமில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்துவர வேண்டும்.

வேப்பமரத்தடியில் எனக்குத் தரப்பட்ட சீட்டை நான் கிழிக்கவில்லை, என் மைத்துனரிடம் கொடுக்கவும் இல்லை. அது என் வேதாகமத்துக்குள், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. தந்தவர் இதைப் படித்தால், எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கர்த்தருடைய ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
ஒரு கிராமச் சேகர உறுப்பினன்